பக்கத்து வீட்டுக் கார்னிஸ் தொங்குகிறது, 311-ஐ அழைக்கலாமா?

பிலடெல்பியாவில் பாயின்ட் பிரீஸ் பக்கம் மூன்று வருடங்களுக்கு முன் வீடு வாங்கிய ஒருவர் கேட்டிருக்கிறார். ஒட்டியிருக்கும் பக்கத்து வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய அம்மா தனியாக இருக்கிறார். வாசல் பக்கத்துக் கார்னிஸ், அதாவது கூரை விளிம்பில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அலங்காரப் பட்டை, ஒரு முனையில் பிடி விட்டுத் தொங்குகிறது. மழை பெய்தால் கேட்டவரின் மாடி அறைச் சுவரில் ஈரம் பூக்கிறது. இதற்கிடையில் தெருச் சங்கத்தில், பராமரிப்பு விதிகளை எல்லோர் மீதும் கடுமையாகக் கொண்டுவர வேண்டும், கண்ணில் படும் குறையையெல்லாம் நகரத்தின் புகார் எண்ணான 311-க்குச் சொல்லுங்கள் என்று தீர்மானம் போடப் போகிறார்களாம். சொன்னால் அந்த அம்மாவுக்கு வீடு போய்விடுமா, சொல்லாவிட்டால் நம் வீடு என்ன ஆவது என்பது கேள்வி. புகார் கொடுக்கலாமா என்பது மேலே தெரிவது. அடியில் கேட்டிருப்பது, இந்த விதிகள் தெருவைக் காப்பாற்றுகின்றனவா, தெருவில் முன்பே இருந்தவர்களைக் கிளப்புகின்றனவா என்று.

என்னை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ள ஒரு வார்த்தை. ஊரில் சிவில் படித்தேன். இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல், வசதி குறைந்தவர்களின் வீடுகளைப் பழுது பார்த்துக் கொடுக்கும் ஒரு சின்ன அமைப்பில் வேலை பார்த்தேன். கூரை, பொதுச்சுவர், படிக்கட்டு, அடித்தளம் பற்றிக் கேட்டால் தைரியமாகச் சொல்வேன். சட்டம் எனக்குத் தெரிந்தது நோட்டீஸும் கையுமாக வந்தவர்களோடு ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததில்தான். வக்கீல் இல்லை நான். கெடு, தொகை என்று வந்தால் கையில் இருக்கும் தாளில் போட்டிருப்பதை நம்புங்கள், என்னை அல்ல.

வீட்டிலிருந்து தொடங்குகிறேன். கும்பகோணம் பக்கத்து அக்ரகார வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டில் ஜன்னல் இருக்காது. ஒரு சுவர், இரண்டு குடும்பம். பிலடெல்பியாவின் வரிசை வீடும் அந்த மாதிரிதான். இரண்டு பக்கமும் செங்கல் பொதுச்சுவர், அவற்றில் தலை வைத்துக் குறுக்கே போகும் மரச்சட்டங்கள், மேலே பின்பக்கம் லேசாகச் சாய்ந்த தட்டைக் கூரை, அதன் மேல் தார். இந்த நகரத்து வீடுகளில் பெரும்பகுதி 1960-க்கு முன் கட்டியவை. உங்கள் தெருவில் இருப்பவை அநேகமாக நூறைத் தாண்டியிருக்கும். கூரை பின்னால் சாய்ந்திருப்பதால் முன்பக்கம் தண்ணீர் பிரச்சினை வராது என்று பலர் நினைக்கிறார்கள். கார்னிஸ் விலகியதும் கூரையின் முன்விளிம்பு வாய் திறந்துவிடும். காற்றோடு அடிக்கும் மழை சுவரின் தலைக்குள் இறங்கி, செங்கல் செங்கலாக ஊறி, எந்தப் பக்கம் பலவீனமோ அந்தப் பக்கம் வெளியே வரும். உங்கள் ஈரத்துக்கு அதுதான் காரணம் என்று பார்க்காமல் சத்தியம் செய்ய மாட்டேன். உங்கள் கூரையே ஒழுகலாம், அதை முதலில் பார்த்துவிடுங்கள். அவர் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்றால், அவர் கூரையைச் சரிசெய்ய உதவுவது தர்மக் கணக்கில் வராது. அது உங்கள் சொந்த வீட்டுச் செலவு.

விதிகளை நடத்துவது, எல்லோரும் எல் அண்ட் ஐ என்று சொல்லும் உரிமம் மற்றும் ஆய்வுத் துறை. 1951 நகரச் சாசனம் உருவாக்கியது. புகார் போனால் இன்ஸ்பெக்டர் வருவார், குறை இருந்தால் உரிமையாளர் பெயருக்கு நோட்டீஸ் எழுதுவார். சாதாரணக் குறைக்கு ஒரு மாதம் போலக் கெடு, பிறகு மறுபரிசோதனை. அதற்கும் அசையாவிட்டால் மறுபரிசோதனைக் கட்டணம், அபராதம், கடைசியில் நகரத்தின் வக்கீல்கள் நீதிமன்றத்துக்குப் போவார்கள். சாதாரணக் குறைக்கு மேல் இரண்டு படிகள் உண்டு. ஒன்று ‘பாதுகாப்பற்றது’, அதற்கு மேல் ‘உடனடி அபாயம்’. இந்த மேல்படி முத்திரை விழுந்து உரிமையாளர் ஒன்றும் செய்யாவிட்டால் நகரமே இடித்துவிட்டுச் செலவை அந்தச் சொத்தின் மேல் பற்றாக ஏற்றும். மேல்படி முத்திரை விழாதவரை, ஒரு புகாராலோ ஒரு நோட்டீஸாலோ குடியிருக்கும் ஒருவருக்கு நேரடியாக வீடு போவதில்லை. இதை உறுதியாகச் சொல்லலாம். போவது, அந்த நோட்டீஸ் வந்த பிறகு வீட்டைச் சுற்றி நடக்கும் மற்ற காரியங்களால்.

நோட்டீஸ் பொது ஆவணம். நகரத்தின் இணையதளத்தில் முகவரியைத் தட்டினால் எந்த வீட்டில் என்ன குறை எழுதியிருக்கிறார்கள் என்று யாரும் பார்க்கலாம். வீடு தேடும் தம்பதியும் பார்க்கிறார்கள், ‘எந்த நிலையில் இருந்தாலும் ரொக்கத்துக்கு வாங்குகிறோம்’ என்று அட்டை போடுகிறவர்களும் பார்க்கிறார்கள். நான் போன வீடுகளில் நோட்டீஸும் அந்த அட்டைகளும் ஒரே டிராயரில் கிடக்கும். கெடுவைப் பார்த்துப் பயந்த வயதானவர், சந்தை விலையில் பாதிகூடக் கிடைக்காத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு நல்ல பேச்சுக்காரர் போதும். இந்தத் தரகர்களுக்கு இப்போது நகரம் உரிமத்தைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறது. அட்டைகள் மட்டும் நிற்கவில்லை.

இன்னொன்று பத்திரம். அந்த அம்மாவின் வீடு அவர் பெயரில்தான் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது, சில சமயம் அவருக்கே தெரியாது. புருஷன் பெயரில், தாயார் பெயரில், இருபது வருடத்துக்கு முன் போய்ச்சேர்ந்த அண்ணன் பெயரில் இருக்கும். நம் ஊரில் வாரிசுச் சான்றிதழ் வாங்காமல், பட்டா மாற்றாமல் இரண்டு தலைமுறை ஓடிவிடுமே, அதே கதை. 2021-ல் பியூ அறக்கட்டளை கணக்கெடுத்தபோது இந்த நகரத்தில் இப்படிச் சிக்கிய பத்திரங்கள் 10,407 என்று வந்தது. அந்த வீடுகளின் மொத்த மதிப்பு 110 கோடி டாலருக்கு மேல். பத்திரம் சிக்கினால் பழுதுபார்ப்பு மானியம், வரிச்சலுகை, வங்கிக் கடன், இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் கதவு பாதிதான் திறக்கும், சிலவற்றில் திறக்கவே திறக்காது. செத்துப்போனவர் பெயருக்கு வரும் நோட்டீஸை உயிரோடு இருப்பவர் பிரிக்காமலே வைத்துவிடுவதும் உண்டு. இப்படிப்பட்ட வீட்டில் விதி போய் முட்டினால், சரிசெய்ய நினைப்பவருக்கும் வழி இருக்காது.

வரியையும் சேர்த்துப் பாருங்கள், ஏனென்றால் பழுதுபார்க்கும் காசு அங்கேதான் கரைகிறது. சொத்து வரி விகிதம் 1.3998 சதவீதம். 2022-ல் நகரம் மறுமதிப்பீடு செய்தபோது குடியிருப்புகளின் மதிப்பு மொத்தத்தில் 31 சதவீதம் ஏறியது. பாயின்ட் பிரீஸ் மாதிரி இடங்களில் அதற்கும் பல வருடம் முன்பிருந்தே ஏற்றம்தான். உங்கள் எதிரே புதிதாக முளைத்த மூன்று மாடி வீடு இருக்கிறதே, 2000 முதல் இருந்த பத்து வருட விலக்கின்படி அப்படிப்பட்ட புது வீடுகள் கட்டடத்தின் மதிப்புக்கு வரியே கட்ட வேண்டியதில்லை, நிலத்துக்கு மட்டும் கட்டினால் போதும். 2022 முதல் புதிய குடியிருப்புகளுக்கு அந்த விலக்கு வருடத்துக்கு வருடம் தேயும்படி மாற்றினார்கள். ஆக, புது வீட்டால் தெருவின் விலை ஏறியது, ஏறிய விலைக்கு வரி கட்டியது பழைய வீடு. அந்த அம்மாவுக்கு இதில் உரிமையாக வரக்கூடியவை உண்டு. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு மதிப்பில் 1,00,000 டாலரைக் கழிக்கும் ஹோம்ஸ்டெட் விலக்கு, வருடத்துக்கு ஏறக்குறைய 1,400 டாலர் மிச்சம். பத்து வருடத்துக்கு மேல் குடியிருந்து, மதிப்பு ஒரே வருடத்தில் 50 சதவீதமோ ஐந்து வருடத்தில் 75 சதவீதமோ ஏறியிருந்தால், வருமான வரம்புக்கு உட்பட்டு மதிப்பைப் பூட்டி வைக்கும் லூப் என்ற திட்டம். வருமானம் குறைந்த முதியவர்களுக்கு வரியை உறைய வைக்கும் திட்டம் வேறு. எதுவும் தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்காத கிழவிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லாரும் ஒரே காரணம்தான் சொன்னார்கள்: யாரும் சொல்லவில்லை.

விதியா, பணமா என்று கேட்டால் இந்த நகரத்திலேயே நடந்த இரண்டு காரியங்களை எடுத்துக்கொள்கிறேன். 2011 முதல், குடியிருப்பு நிறைந்த தெருக்களில் காலியாகக் கிடக்கும் கட்டடங்களுக்குப் பலகை அடித்து மூடினால் போதாது, வேலை செய்யும் கதவும் ஜன்னலும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு திறப்புக்கும் நாளுக்கு 300 டாலர் அபராதம் என்று கண்டிப்பாக நடத்தினார்கள். பத்து ஜன்னல் உள்ள வீட்டுக்கு நாளுக்கு 3,000 டாலர். முதலீட்டுக்கு வாங்கிப் போட்டவர்களில் சிலர் ஓடி வந்து சரிசெய்தார்கள். 2015-ல் வெளிவந்த ஆய்வு, அப்படிச் சரிசெய்த கட்டடங்களைச் சுற்றித் துப்பாக்கித் தாக்குதல்கள் குறைந்ததாகச் சொன்னது. இது விதியின் வேலை. அடுத்தது பணத்தின் வேலை. பேசிக் சிஸ்டம்ஸ் ரிப்பேர் என்ற நகரத் திட்டம் வருமானம் குறைந்த உரிமையாளர்களுக்குக் கூரை, மின்சாரம், குழாய், ஹீட்டர் போன்றவற்றை இலவசமாகச் சரிசெய்து கொடுக்கிறது. அதில் பழுது பார்த்த 13,632 வீடுகளை வைத்துப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் செய்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த வீடுகள் இருந்த தெருப் பக்கங்களில் குற்றங்கள் 21.9 சதவீதம் குறைந்திருந்தன. ஒரு கூரை மாற்றியதால் கொள்ளைக்காரன் திருந்தினான் என்று இதற்குப் பொருள் இல்லை. இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள், காரணத்தை நிரூபித்தவை அல்ல. ஆனாலும் இரண்டும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. சரிசெய்யாமல் இருப்பதில் லாபம் பார்க்கிறவனிடம் அபராதம் வேலை செய்கிறது. சரிசெய்யக் காசில்லாதவரிடம் அபராதம், இருக்கும் கொஞ்சக் காசையும் எடுத்துக்கொண்டு போகிறது.

தெருச் சங்கம் போடப்போகும் தீர்மானத்தில் எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். ‘எல்லோர் மீதும் ஒரே மாதிரி’ என்பது காதுக்கு நியாயமாக இருக்கிறது. புகார் வழியாக நடக்கும் விதி எப்போதும் ஒரே மாதிரி நடப்பதில்லை. யார் போனை எடுக்கிறார்களோ அவர்கள் கண்ணில் படுவதுதான் குறையாகிறது. புதிதாக வந்தவர்களுக்கு உரிந்த பெயிண்டும் வாசற்படியில் போட்ட பழைய சோபாவும் உறுத்தும். புதிதாகக் கட்டுகிறவன் அஸ்திவாரம் தோண்டும்போது பக்கத்து வீட்டுச் சுவரில் விடும் வெடிப்பு வெளியிலிருந்து தெரியாது. இந்த நகரத்தில் அப்படிப் பாழான வரிசை வீடுகள் கொஞ்சம் அல்ல. அது பெரிய ரகளையாகித்தான் 2023 முதல், தோண்டும் முன் பக்கத்து வீடுகளை ஆய்வு செய்து பதிவு பண்ண வேண்டும் என்பது உட்பட விதிகளை இறுக்கினார்கள். அந்த அம்மாவின் சுவரில் வெடிப்பு இருந்தால், அது அவர் வீட்டின் மறுபக்கத்து மனையில் கட்டுமானம் நடந்தபோது வந்ததா என்பதையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

கூர்மையான ஆயுதம் ஒன்று உண்டு, அதைச் சங்கத்தில் யாராவது பேச்சில் எடுத்தால் கவனியுங்கள். 2008-ல் மாநிலம் கொண்டுவந்த 135-ஆம் சட்டம். கைவிடப்பட்டுப் பாழான கட்டடத்தை, அக்கம்பக்கத்தாரோ லாபநோக்கற்ற அமைப்போ நீதிமன்றத்தில் மனுப்போட்டு ஒரு காப்பாளர் கையில் ஒப்படைக்க வைக்கலாம். அவர் சரிசெய்வார் அல்லது இடிப்பார், விற்கலாம், விற்ற பணத்தில் செலவும் கட்டணமும் எடுத்துக்கொள்வார். உண்மையிலேயே யாரும் தேடி வராத கட்டடங்களுக்கு இது நல்ல சட்டம். 2,000 அடிக்குள் இருப்பவர் மனுப்போடலாம் என்று 2014-ல் எல்லையை விரித்தார்கள். முக்கிய நிபந்தனை, பன்னிரண்டு மாதமாகச் சட்டப்படி யாரும் குடியிருக்கக் கூடாது. அந்த அம்மா இருக்கும்வரை அந்த வீட்டை இது தொடாது. அவர் விழுந்து இடுப்பு உடைந்து ஒரு வருடத்துக்கு மேல் பராமரிப்பு இல்லத்தில் கிடந்தால்? பத்திரமும் சிக்கலாக இருந்து, மகன் வேறு மாநிலத்தில் இருந்தால்? விலை ஏறும் தெருவில் மனுப்போடுவதற்கு ஆள் கிடைப்பது சுலபம். விலை ஏறாத தெருவில், நிஜமாகவே பாழாய்க் கிடக்கும் வீட்டுக்கு யாரும் மனுப்போட வருவதில்லை. இது என் அனுபவத்தில் வைத்துச் சொல்வது.

வாடகை வீடுகளில் என் நிலைப்பாடு நேர் எதிர். அங்கே விதி கடுமையாக வேண்டும், புகாருக்குக் காத்திருக்காமல் வேண்டும். குடியிருப்பவர் பயத்தில் புகார் கொடுக்க மாட்டார். இங்கே குறை எழுதியிருக்கும்போது அதைத் திருத்தாமல் குத்தகையை முடிக்கவோ நிபந்தனையை மாற்றவோ உரிமையாளருக்கு அனுமதி இல்லை. வாடகை உரிமம் இல்லாதவர் வாடகை வசூலிக்கவே உரிமை இல்லாதவர். இவையெல்லாம் ஏட்டில் இருக்கின்றன, வாடகைக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. 1978 மார்ச்சுக்கு முன் கட்டிய வாடகை வீடுகளுக்கு ஈயப் பெயிண்ட் ஆபத்து இல்லை என்ற சான்றிதழ் கட்டாயம் என்று 2020 அக்டோபரிலிருந்து பகுதி பகுதியாகக் கொண்டுவந்தார்கள். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரம் 2005-லேயே சட்டம் போட்டு, புகார் வந்தாலும் வராவிட்டாலும் வாடகை வீடுகளை முறைவைத்துச் சோதித்தது. அங்கே குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் மாநிலத்தின் மற்ற இடங்களைவிட வேகமாகக் குறைந்தது. இதனால் வாடகை ஏறாதா என்றால், ஒன்றிரண்டு வீடு வைத்திருக்கும் சின்ன உரிமையாளர்கள் ஏற்றத்தான் பார்ப்பார்கள், சிலர் விற்றுவிட்டுப் போவார்கள். அவர்களுக்கும் கடன் உதவி வேண்டும் என்று நினைக்கிறேன். 2022-ல் மாநில செனட்டர் நிகில் சாவல் முன்னின்று கொண்டுவந்த முழுவீட்டுப் பழுதுபார்ப்புச் சட்டத்தில் அந்த யோசனை இருந்தது. 12.5 கோடி டாலர் ஒதுக்கீடு, வருமானம் குறைந்த உரிமையாளருக்கு 50,000 டாலர் வரை மானியம், வாடகையைக் குறைவாக வைத்திருக்கும் சின்ன உரிமையாளருக்குக் கடன். இரண்டு கட்சியாரும் சேர்ந்து போட்ட சட்டம், இந்தக் காலத்தில் அது அதிசயம். ஆனால் பணம் கொரோனா நிவாரண நிதியிலிருந்து ஒருமுறை வந்தது, வரிசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

கெடு வைத்து விரட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். தனியாக இருந்த ஒரு பெரியவரின் வீட்டு முன்சுவரில் செங்கல் இடுக்குச் சாந்து உதிர்கிறது என்று நோட்டீஸ். கெடு நெருங்கிவிட்டது, கையில் காசு கொஞ்சம். சிமென்ட் வைத்துப் பூசுகிறேன், இரண்டு நாளில் முடிப்பேன் என்று ஒரு காண்ட்ராக்டர் வந்தார். சரி என்றேன். எனக்குத் தெரியாமல் இல்லை: பழைய செங்கல் மெத்தென்று இருக்கும், சுண்ணாம்புச் சாந்துதான் அதற்கு ஒத்துப்போகும், ஈரத்தை வெளியே விடும். போர்ட்லாண்ட் சிமென்ட் செங்கல்லைவிடக் கெட்டி. ஈரம் இடுக்கு வழியே வெளியேற முடியாமல் செங்கல்லுக்குள் தங்கும், குளிர்காலத்தில் உறையும், செங்கல்லின் முகமே பெயர்ந்து விழும். மறுபரிசோதனையில் வீடு தேறிவிட்டது. நாலாவது குளிர்காலம் முடிந்தபோது முன்சுவர் அம்மைத் தழும்பு மாதிரி ஆகியிருந்தது. அதைச் சரிசெய்ய ஆன செலவு, முதலிலேயே சுண்ணாம்பில் செய்திருந்தால் ஆகியிருக்கும் செலவைப்போலப் பல மடங்கு. ‘பழுது நீக்கவும்’ என்று மட்டும்தான் விதி சொன்னது. எப்படி நீக்குவது என்று தெரிந்த நான், கெடுவுக்குப் பயந்தேன்.

சரி, பராமரிப்பு விதிகளால்தான் பழைய குடிகள் வெளியேறுகிறார்களா என்ற பெரிய கேள்வி. இதில் சத்தமாகப் பேசுகிற இரண்டு தரப்பையும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். பிலடெல்பியா ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இப்படி விலை ஏறி மாறிவரும் பகுதிகளின் பழைய குடிகள் மொத்தத்தில் மற்ற இடத்தாரைவிடப் பெரிய அளவில் அதிகமாக இடம் பெயரவில்லை. ஆனால் அவர்களில் வசதி குறைந்தவர்கள் இடம் பெயர்ந்தபோது முன்னைவிட ஏழ்மையான பகுதிகளுக்குப் போனார்கள். நான் கண்ணால் பார்த்ததும் இதற்கு ஒத்துப்போகிறது. ஒரு நோட்டீஸ், ஒரு வரி பாக்கி, ஒரு ஆஸ்பத்திரிச் செலவு, ஊரில் இல்லாத மகன், ஒரு ரொக்க அட்டை என்று எல்லாம் ஒரே வருடத்தில் வந்தால் கதவு சாத்தப்படும். இதில் நோட்டீஸின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் கணக்கை நான் எங்கும் பார்த்ததில்லை. ஆகவே விதியே வேண்டாம் என்பவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஒழுகும் கூரையின் கீழ் ஒருவரை விட்டுவைப்பது இரக்கம் ஆகாது. கூரையைச் சும்மா விட்ட வீடு கடைசியில் மரச்சட்டம் அழுகி இடிக்கும் நிலைக்கு வரும், அப்போது அந்த அம்மாவின் பேரனுக்கு வீடும் இருக்காது, உங்கள் பொதுச்சுவர் வெயிலிலும் மழையிலும் அம்மணமாக நிற்கும்.

சங்கத்தின் கூட்டத்துக்குப் போனால் இதைக் கேளுங்கள்: தீர்மானத்தில் ஆபத்தான குறையையும் பார்வைக்கு அசிங்கமான குறையையும் பிரித்திருக்கிறார்களா? காலி வீடு, வாடகை வீடு, உரிமையாளர் குடியிருக்கும் வீடு என்று பிரித்திருக்கிறார்களா? பிரிக்கவில்லை என்றால் எதிர்த்து ஓட்டுப் போடுவேன். கூடவே, முதல் இரண்டு வகைக்குப் புகார் பட்டியல் தயாரிக்கும் ஆர்வத்தில் பாதியைச் செலவழித்து, மூன்றாவது வகைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க இரண்டு ஆட்களைப் போடச் சொல்லுங்கள். யாராவது தெருவை வரலாற்று மண்டலம் ஆக்கலாம் என்று கிளம்பினால், தெருவிலிருந்து தெரியும் ஜன்னலை மாற்றவே அனுமதியும் கூடுதல் செலவும் ஆகும், அதை யார் கொடுப்பது என்று முதலில் பேசிவிடுங்கள். எனக்குப் பழைய வீடுகளின் முகம் பிடிக்கும், ஆனாலும் சொல்கிறேன்.

இப்போது உங்கள் கார்னிஸ். அது பழைய தகரமும் மரமும் சேர்த்துச் செய்தது, முழு நீளத்துக்கு நல்ல கனம். நடைபாதைக்கு மேல் ஒரு முனை பிடி விட்டிருக்கிறது என்றால் அது அழகுப் பிரச்சினை அல்ல, அது யார் தலையிலாவது விழும். பல மாதம் தள்ளிப்போட இடமில்லை. ஆனாலும் போனை எடுக்கும் முன் கதவைத் தட்டுங்கள். வெறுங்கையோடு போக வேண்டாம். புகார் சொல்லப் போகிற மாதிரியும் பேச வேண்டாம். ‘எங்கள் மாடியில் ஈரம் வருகிறது, உங்கள் பக்கமும் வருகிறதா மேடம்?’ என்று தொடங்குங்கள். இங்கத்துப் பழைய குடிகள் மிஸ் என்று சேர்த்து முதல் பெயரைச் சொல்வார்கள். அவர் அப்படிக் கூப்பிடச் சொன்னால் அப்படியே கூப்பிடுங்கள். அவருக்குத் தெரியாமல் இருக்காது, பெரும்பாலும் ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருப்பதே அதை நினைத்துத்தான். பத்திரம் யார் பெயரில் என்று முதல் நாளே கேட்காதீர்கள். இரண்டாவது, மூன்றாவது தடவையில் தானாக வரும். சிக்கல் என்றால் பிலடெல்பியா விஐபி என்ற இலவசச் சட்ட உதவி அமைப்பும், கம்யூனிட்டி லீகல் சர்வீசஸும் அதைப் பார்க்கும். பத்திரச் செலவுக்கென்றே ஒரு நிதியும் உண்டு. பேசிக் சிஸ்டம்ஸ் திட்டத்துக்கு அவரோடு உட்கார்ந்து விண்ணப்பம் போடுங்கள். 2017-ல் வீட்டு விற்பனை மீதான நகர வரியை 0.1 சதவீதம் ஏற்றி அதை வைத்துக் கடன் வாங்கி அந்தத் திட்டத்தின் காத்திருப்பு வரிசையைக் குறைத்தார்கள், அப்படியும் வரிசை இருக்கிறது. அவருக்கு ஓரளவு வருமானம் உண்டு, மானியம் கிடைக்காது என்றால் 3 சதவீத வட்டியில் பத்து வருடக் கடன் தரும் ரிஸ்டோர், ரிப்பேர், ரினியூ இருக்கிறது.

கார்னிஸை அதுவரை தாங்கிப் பிடிக்க ஒரு கூரைக்காரரைக் கூப்பிட்டு, ஏணி வைத்துப் பட்டை அடித்து இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். அரைநாள் வேலை, சில நூறு டாலர். முடிந்தால் நீங்களே பாதியைக் கொடுங்கள், அவர் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு. அதே ஏணியில் ஏறுகிறவரிடம் இரண்டு கூரையின் முன்விளிம்பையும் போட்டோ எடுக்கச் சொன்னால் ஈரம் எந்தப் பக்கத்தது என்பதும் தெரிந்துவிடும். அவர் கதவையே திறக்கவில்லை, அல்லது திறந்து முடியாது என்று சொல்லிவிட்டார், கார்னிஸ் இன்னும் இறங்குகிறது என்றால் 311-ஐ அழையுங்கள். அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். அழைக்கும்போது கார்னிஸை மட்டும் சொல்லுங்கள். பெயிண்ட், சோபா, தோட்டத்துப் புல் எதையும் சேர்க்காதீர்கள். நோட்டீஸ் வந்த அன்றே மறுபடி கதவைத் தட்டி, மேல்முறையீட்டுக்கான கடைசித் தேதி எது, கெடுவை நீட்டிக்கச் சொல்லி யாருக்கு எழுத வேண்டும் என்று அவரோடு உட்கார்ந்து அந்தத் தாளைப் படியுங்கள். ரொக்க அட்டைகள் அடுத்த வாரமே வர ஆரம்பிக்கும், அதையும் முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள்.